பெயர் தடித்துச் சாய்ந்து நிற்க வேண்டுமா? மும்பையில் டிசைன் வேலைக்கு வருகிறவர்களுக்கு போல்ட் இட்டாலிக் செரிஃப் வழிகாட்டி

தாராவியிலோ சயானிலோ செம்பூரிலோ ஒரு டிடிபி கடையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள் என்றால், கல்யாணப் பத்திரிகையோ கடைப் பலகையோ எது வந்தாலும் வாடிக்கையாளர் கேட்பது ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும்: "பேரு மட்டும் நல்லா தடிமனா, சாய்ச்சு, கொஞ்சம் ராயலா வரணும்." அவர் கேட்பதற்கு நம் தொழிலில் பெயர் போல்ட் இட்டாலிக் செரிஃப். கேட்டவுடனே கை தானாகக் கன்ட்ரோல் பி, கன்ட்ரோல் ஐ இரண்டையும் அமுக்கப் போகும். அந்தப் பொத்தான்கள் எப்போது நல்ல எழுத்தைக் கொண்டுவந்து வைக்கின்றன, எப்போது இருக்கிற எழுத்தைப் பிடித்து நெளிக்கின்றன என்று தெரிந்துகொண்டாலே பாதி வேலை கற்றாகிவிட்டது. அதை எங்கே வைப்பது, எங்கே வைக்கக் கூடாது என்பது மீதிப் பாதி. ஆசை இருப்பவர்கள் கடைசியில் தாங்களே ஒன்றை வரைந்து பார்க்கலாம், அதற்கும் வழி சொல்கிறேன்.

முதலில் கண்ணைப் பழக்குங்கள்

செரிஃப் என்பது எழுத்தின் கோடு முடியும் இடத்தில் இருக்கிற சின்னப் பாதம். போல்ட் என்பது தடிமன். இட்டாலிக்கைத்தான் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். கையெழுத்தின் ஓட்டத்திலிருந்து பிறந்த தனி எழுத்து அது, சாய்வு அதன் குணங்களில் ஒன்று, அவ்வளவுதான். 1501இல் வெனிஸில் ஆல்டஸ் மனூஷியஸ் வர்ஜிலின் கவிதைகளை ஒரு சின்னப் புத்தகமாக அச்சிட்டார். அதற்கான அச்செழுத்தை வெட்டியவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. புத்தகம் முழுக்கவே இட்டாலிக், பெரிய எழுத்துகள் மட்டும் நேராக நிற்கும். எதையும் அழுத்திச் சொல்வதற்காக அப்போது யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. தடித்த எழுத்து வருவதற்கு அதற்குப் பிறகு முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆனது. வாசக எழுத்துக்கு நடுவில் ஒரு சொல்லை மட்டும் தடித்துக் காட்ட உதவிய ஆரம்பகால எழுத்துகளில் பேர்போனது, 1845இல் லண்டனில் வந்த கிளாரெண்டன். இப்படி வேறு வேறு காலத்தில் வேறு வேறு வேலைக்கு வந்த இரண்டையும் ஒரே உடம்பில் வைத்தால்தான் போல்ட் இட்டாலிக். ஓட்டத்துக்கு மெல்லிய இணைப்புகள் வேண்டும், தடிமனுக்கு இடம் வேண்டும், இரண்டும் ஒன்றோடொன்று முட்டும். அந்த முட்டலை யாரோ ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகத் தீர்த்து வைத்திருக்க வேண்டும். கணினி அதைத் தானாகச் செய்யாது.

இதை இன்றைக்கே உங்கள் கணினியில் பார்த்துவிடலாம். டைம்ஸ் நியூ ரோமனில் ஆங்கிலச் சின்ன எழுத்துகள் ஏ (a), இ (e), எஃப் (f), கே (k) நான்கையும் 150 புள்ளி (பாயின்ட்) அளவில் அடியுங்கள். ஒரு வரியில் சாதா போல்டை எடுத்து, ஸ்க்யூ என்ற சாய்க்கும் வசதியால் 15 டிகிரி சாய்த்துவிடுங்கள். அதற்குக் கீழேயே அதே குடும்பத்தின் உண்மையான போல்ட் இட்டாலிக்கை வையுங்கள். சாய்த்த வரியில் ஏ எழுத்து தலையில் கொக்கி, கீழே வயிறு என்று இரண்டு மாடியாகவே இருக்கும். உண்மையான இட்டாலிக்கில் மேல்மாடியே கிடையாது, நாம் பள்ளிக்கூட நோட்டில் எழுதுவதுபோல ஒற்றை வட்டமும் ஒரு தண்டும்தான். எஃப் கோட்டுக்குக் கீழே வால் விட்டு இறங்கும். பாதங்கள் தட்டையாக இல்லாமல், பேனா வந்து தொட்டு நழுவிப் போன மாதிரி இருக்கும். அப்புறம் கே எழுத்தின் அகலத்தைப் பாருங்கள், உண்மையான இட்டாலிக்கில் குறுகலாக இருக்கும். இந்த ஒரு பக்கத்தை அச்சடித்து மேசைக்கு மேலே ஒட்டிவிட்டால், சில நாளில் தெருவில் நடந்துபோகும்போதே எந்தப் பலகையில் பொத்தானால் சாய்த்திருக்கிறார்கள் என்று கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும்.

எழுத்துருக் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள்

நல்ல செரிஃப் குடும்பத்தில் குறைந்தது நான்கு பேர் இருப்பார்கள்: ரெகுலர், இட்டாலிக், போல்ட், போல்ட் இட்டாலிக். நான்காவது ஆள் இல்லாத குடும்பங்கள் நிறைய உண்டு. லிப்ரே காஸ்லன் டெக்ஸ்ட் அழகான எழுத்து, ஆனால் அதில் போல்ட் இட்டாலிக் கிடையாது. டிஎம் செரிஃப் டிஸ்ப்ளேயில் ரெகுலரும் இட்டாலிக்கும் மட்டும்தான். அந்த ரெகுலரே நல்ல தடிமன் என்பதால் அதற்கு மேல் போல்டை அமுக்குவது எழுத்தை அடைத்துக் கெடுக்கும் வேலை.

கோப்பு இல்லாதபோது பொத்தானை அமுக்கினால் வேர்ட் ஒன்றும் சொல்லாது, தானே ஓரத்தைத் தடிக்கவைத்து, தானே சாய்த்துத் தந்துவிடும். போட்டோஷாப்பில் இதற்கென்றே ஃபாக்ஸ் போல்ட், ஃபாக்ஸ் இட்டாலிக் என்று பொத்தான்கள் இருக்கின்றன. இருப்பது தெரிந்துகொள்ளத்தான், தொடாதீர்கள். இன்டிசைன் இந்த விஷயத்தில் நேர்மையானது, குடும்பத்தில் இல்லாத பாணியை அது தானாகப் போலி செய்து தராது. இணையதள வேலை செய்கிறவர்கள் சிஎஸ்எஸ்ஸில் ஃபான்ட் சிந்தசிஸ் (font-synthesis) என்ற விதியை 'நன்' (none) என்று வைத்துவிடுங்கள். உலாவி போலியாகத் தடிக்கவோ சாய்க்கவோ செய்யாது, கோப்பு வரவில்லை என்பது சோதனையிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

கோப்புகளை எங்கிருந்து எடுப்பது என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதமாகவே பேசுவேன். பென்டிரைவில் கைமாறி வரும் எழுத்துருக்களை வாங்காதீர்கள். ஒருவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து வரைந்தது அது, அதோடு அப்படி வரும் தொகுப்பில் பெரும்பாலும் போல்ட் இட்டாலிக்தான் காணாமல் போயிருக்கும். கூகிள் ஃபான்ட்ஸில் திறந்த உரிமத்தில் கிடைப்பவற்றை வியாபார வேலைக்கும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம். போல்ட் இட்டாலிக் முறையாக வரையப்பட்ட செரிஃப்களில் ஆரம்பத்துக்கு பிளேஃபேர் டிஸ்ப்ளே, லோரா, மெர்ரிவெதர், இபி காராமண்ட், சோர்ஸ் செரிஃப் இந்த ஐந்தும் போதும். பெரிய பெயருக்கு பிளேஃபேர், சின்ன அளவுக்கு லோராவோ மெர்ரிவெதரோ. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது சோர்ஸ் செரிஃப், ஏனென்றால் சின்ன அளவுக்கு ஒரு வரைவு, பெரிய தலைப்புக்கு இன்னொரு வரைவு என்று அதற்குள்ளேயே வைத்திருக்கிறார்கள்.

அச்சு முறையைக் கேட்டுவிட்டுத் தேர்ந்தெடுங்கள்

புதியவர்கள் திரையில் பார்த்து முடிவெடுக்கிறார்கள், சிக்கல் எல்லாம் காகிதத்தில்தான் வரும். பிளேஃபேர் மாதிரி எழுத்துகளில் தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் வித்தியாசம் அதிகம். எழுத்தின் அளவை ஆயிரம் அலகாகப் பிரித்தால், ஒரு எழுத்துருவில் மெல்லிய கோடு அதில் 30 அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 புள்ளி அளவில் அது 0.72 புள்ளி, அதாவது கால் மில்லிமீட்டர். அதே பெயரை 14 புள்ளிக்குக் குறைத்தால் கோடு 0.15 மில்லிமீட்டர். ஆஃப்செட்டில் வெள்ளைத் தாளில் கறுப்பாக அடித்தால் இதுவும் நிற்கும். மெரூன் பின்னணியில் வெள்ளையாக விட்டால் மை உள்ளே ஏறி அந்த மெல்லிய கோட்டைத் தின்றுவிடும். கிர்காவ் பக்கக் கடைகளில் பார்த்துவிட்டு வந்து கேட்கிற தங்க ஃபாயில் என்றால் இன்னும் கவனம் வேண்டும், மெல்லிய கோடு அறுந்து போகும், இ எழுத்தின் குட்டிக் கண் அடைந்துபோகும். ஃபாயிலுக்கும் ஸ்க்ரீன் பிரின்டுக்கும் 0.3 மில்லிமீட்டருக்குக் கீழே எந்தக் கோடும் போகக் கூடாது என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. உங்கள் பிரஸ்காரரிடம் அவருடைய கணக்கைக் கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்லுவார்.

ஃப்ளெக்ஸ் பலகைக்கு இதே தர்க்கம் வேறு விதத்தில் வரும். தொண்ணூறு அடி சாலையில் பைக்கில் போகிறவர் பார்க்கிற தூரத்தில் மெல்லிய கோடுகள் மறைந்து, வெறும் தடித்த சாய்ந்த குச்சிகள்தான் வரிசையாகத் தெரியும். அங்கே கோட்டு வித்தியாசம் குறைந்த மெர்ரிவெதர் மாதிரி எழுத்து நிற்கும்.

எங்கே வைப்பது

கொஞ்சமாக வையுங்கள். பத்திரிகையில் இரண்டு பெயர், மெனு கார்டில் கடையின் பெயர், விழா மலரில் ஒரு கட்டுரைத் தலைப்பு, அவ்வளவு போதும். பத்தி முழுக்க போல்ட் இட்டாலிக்கில் அடிப்பது, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் ஒவ்வொரு வார்த்தையையும் கத்திச் சொல்வது மாதிரி. பெயர் 36 புள்ளி போல்ட் இட்டாலிக் என்றால் நடுவில் வரும் 'வெட்ஸ்' சாதா இட்டாலிக்கில், பாதி அளவுக்கும் குறைவாக இருக்கட்டும். ஊர், நேரம், மண்டபம் எல்லாம் நேர் எழுத்தில் போகட்டும். அந்த அமைதியான எழுத்துகள் சுற்றி இருப்பதால்தான் பெயர் மேலே எழும்பி நிற்கிறது.

முழுக்கப் பெரிய எழுத்தில் அடிக்காதீர்கள். இட்டாலிக்கின் அழகு சின்ன எழுத்துகளின் ஓட்டத்தில் இருக்கிறது, பெரிய எழுத்துகளை வரிசையாக வைத்தால் ஓட்டம் அறுந்து, சாய்ந்த வேலி மாதிரி ஆகிவிடும். முதல் எழுத்து மட்டும் பெரிதாக இருக்கட்டும். எஃப் எழுத்துக்கு அடுத்து நேர் அடைப்புக்குறி வந்தால் இரண்டும் மோதும், குறியையும் இட்டாலிக்கிலேயே போடுங்கள். நடுவில் சீர்செய்த வரி சாய்வினால் ஒரு பக்கம் நகர்ந்த மாதிரி தெரிந்தால் கணினி சொல்லும் நடுவை நம்பாமல் கண்ணுக்குச் சரியாக வரும்வரை தள்ளி வையுங்கள். தொலைபேசி எண்ணை இந்த எழுத்தில் போட வேண்டாம்.

தமிழும் மராத்தியும் பக்கத்தில் வரும்போது

மும்பையில் நம் வேலையில் மூன்று எழுத்துமுறை ஒரே தாளில் வருவது சாதாரணம். கடைப் பலகை என்றால் மராத்தி கட்டாயம். 2022இல் மகாராஷ்டிரத்தில் திருத்திய சட்டப்படி தேவநாகரியில் எழுதிய மராத்தி மற்ற மொழி எழுத்துகளைவிடச் சின்னதாக இருக்கக் கூடாது. ஆகவே ஆங்கிலப் பெயரை மட்டும் தடித்துச் சாய்த்து ஊதிப் பெரிதாக்கும் யோசனையை முதலிலேயே விட்டுவிடுங்கள்.

தமிழில் சாய்வெழுத்துக்கு ஆங்கிலத்தில் இருப்பது போன்ற நீண்ட அச்சு மரபு இல்லை. விண்டோஸில் கிடைக்கும் லதா, விஜயா, நிர்மலா யுஐ மூன்று எழுத்துருவிலும் போல்ட் கோப்பு உண்டு, இட்டாலிக் கோப்பு கிடையாது. இத்தனைக்கும் லதா நம் மும்பைக்காரர், எழுத்து வடிவமைப்பாளர் ஆர். கே. ஜோஷியின் வழிகாட்டலில் வந்தது, மைக்ரோசாஃப்டுக்கான பல இந்திய மொழி எழுத்துருக்களில் அவர் கை இருக்கிறது. ஆக, லதாவில் கன்ட்ரோல் ஐ அமுக்கி வரும் எல்லாச் சாய்வும் போலிதான்.

போலிச் சாய்வு தமிழை என்ன செய்கிறது என்று பார்க்க 'கண்ணன்' என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள், பத்திரிகையில் அடிக்கடி வரும் பெயர். போலியாகத் தடித்தால் ணகரத்தின் சுழிகளுக்குள் இருக்கும் வெள்ளை இடம் முதலில் அடைபடும். மூன்று சுழி எது, இரண்டு சுழி எது என்பது அந்த வெள்ளையை வைத்துத்தான் கண்ணுக்குத் தெரிகிறது. அது போனால் ணவும் னவும் ஒரே கறுப்புக் கட்டியாகத் தெரியும். அதற்கு மேல் சாய்த்தால் ண் மேலிருக்கும் புள்ளி உயரத்தில் இருப்பதால் வலப்பக்கம் அதிகமாக நகர்ந்து, அடுத்த ணகரத்தின் பக்கம் தள்ளி நிற்கும். படிப்பவர் எப்படியோ படித்துவிடுவார்தான். ஆனால் அது அவருடைய பெயர், அதைச் சரியாக வைத்துக் கொடுப்பதுதான் நம் வேலை.

சாய்வு வேண்டியே தீரும் என்றால் நோட்டோ செரிஃப் தமிழ் என்ற எழுத்துருவில் மெல்லியது முதல் மிகத் தடித்தது வரை எல்லாத் தடிமனிலும் சாய்ந்த வரைவு இருக்கிறது, தமிழில் போல்ட் இட்டாலிக் செரிஃப் என்று கேட்டால் நான் முதலில் காட்டுவது அதைத்தான். டிரோ தமிழில் ரெகுலரும் இட்டாலிக்கும் உண்டு, போல்ட் இல்லை; ஆனால் டிரோ தேவநாகரி மராத்தி என்று அதற்குச் சகோதர எழுத்துரு இருப்பதால் மூன்று மொழிப் பத்திரிகையின் வாசகப் பகுதிக்கு அருமையாகப் பொருந்தும். என் பழக்கம் என்னவென்றால் ஆங்கிலப் பெயரை போல்ட் இட்டாலிக்கில் வைத்துவிட்டு, தமிழ்ப் பெயரையும் மராத்திப் பெயரையும் நேரான தடித்த செரிஃப் எழுத்தில் அதே கறுப்பு அளவுக்குக் கொண்டுவந்து வைப்பேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் மூன்று பெயரும் ஒரே அடர்த்தியில் தெரிய வேண்டும், அது போதும். தேவநாகரியைச் சாய்த்தால் மேல்கோடு படுத்தபடியே இருக்க அதில் தொங்கும் தண்டுகள் மட்டும் சாய்வது எனக்கு எப்போதும் உறுத்தும்.

நீங்களே வரைய வேண்டுமென்றால்

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கணினிக்குப் போவதற்கு முன்னால் கையை ஓட விடுங்கள். கிராஃபர்ட் மார்க்கெட் பக்கம் அப்துல் ரஹ்மான் தெருவில் பட்டை நுனி மார்க்கர் வாங்கலாம், இல்லாவிட்டால் இரண்டு பென்சிலை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினாலே போதும், இரண்டு நுனியும் சேர்ந்து பட்டைப் பேனாவின் வேலையைச் செய்யும். நுனியை 45 டிகிரியில் பிடித்து, திருப்பாமல், ஆங்கிலச் சின்ன என் (n) எழுத்தைப் பக்கம் பக்கமாக எழுதுங்கள். கோடு எங்கே தானாகத் தடிக்கிறது, எங்கே மெலிகிறது என்று கை கற்றுக்கொள்ளும். இந்த அறிவு இல்லாமல் வரைந்த இட்டாலிக் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

பிறகு மென்பொருள். ஃபான்ட்ஃபோர்ஜ் இலவசம், கடைக் கணினியிலேயே ஓடும். மேக் வைத்திருந்தால் கிளிஃப்ஸ் வசதி. ஆயிரம் அலகுச் சதுரத்தில் சாய்வுக் கோணத்தை 10இலிருந்து 12 டிகிரிக்குள் வைத்துத் தொடங்குங்கள். உங்கள் நேர் போல்டில் தண்டு 145 அலகு என்றால் போல்ட் இட்டாலிக்குக்கு 135 எடுத்துக்கொள்ளலாம். எழுத்து குறுகலாக இருப்பதால் அதே தடிமனை வைத்தால் அதிகக் கறுப்பாகத் தெரியும்.

முதல் எழுத்து என் (n). தண்டிலிருந்து வளைவு பிரியும் இடம்தான் உயிர். நேர் எழுத்தில் அது மேலேயே பிரியும். இட்டாலிக்கில் தண்டின் நடுவுக்கும் கீழே கிளம்பி மேலேறி வளையும். போல்டில் அந்த இடத்தில் தண்டும் வளைவும் சேர்ந்து கறுப்புக் குட்டையாகத் தேங்கும், ஆகவே வளைவு கிளம்பும் இடத்தை நீங்கள் தைரியமாக மெலிக்க வேண்டும், தண்டுக்கும் வளைவுக்கும் நடுவில் ஆப்பு மாதிரி ஒரு வெள்ளையை உள்ளே செலுத்த வேண்டும். திரையில் பெரிதாகப் பார்க்கும்போது அந்த வெட்டு முரட்டுத்தனமாகத் தெரியும், 12 புள்ளியில் அச்சடித்தால் அது மறைந்து எழுத்து சுத்தமாக நிற்கும். அந்த அச்சுத் தாளை நம்புங்கள்.

இரண்டாவது ஓ (o). நேர் ஓவைச் சாய்த்து எடுத்துக்கொண்டால் மேல் வலப்பக்கமும் கீழ் இடப்பக்கமும் தடித்து, எதிர் மூலைகள் மெலிந்து, எழுத்து பிழிந்த மாதிரி ஆகிவிடும். புதிதாக வரைவதே சுலபம். சாய்த்துத்தான் தொடங்குவீர்கள் என்றால் மேல், கீழ், இட, வல எல்லைகளில் புள்ளிகளைத் திரும்பச் சேர்த்துவிட்டு, தடித்த மூலைகளைச் சீவி, மெலிந்த மூலைகளுக்குச் சதை போடுங்கள். வட்ட எழுத்துகள் கோட்டுக்கு மேலும் கீழும் 10இலிருந்து 15 அலகு வெளியே போக வேண்டும், இல்லையென்றால் என் (n) பக்கத்தில் ஓ குள்ளமாகத் தெரியும்.

இந்த இரண்டும் சரியாக வராமல் மூன்றாவதற்குப் போகாதீர்கள். வந்துவிட்டால் என்னிலிருந்து எம், எச், யு, ஆர் எல்லாம் கிளம்பும், ஓவிலிருந்து சி, இ, டி (d), க்யூ கிளம்பும். இடைவெளியை இப்போதே போடுங்கள்: மூன்று என், நடுவில் ஓ, மறுபடி மூன்று என் என்று அடித்து, எழுத்துக்குள் இருக்கும் வெள்ளையும் எழுத்துக்கு நடுவில் இருக்கும் வெள்ளையும் ஒத்துப்போகும் வரை இரு பக்க இடத்தைக் கூட்டிக் குறையுங்கள். போல்ட் இட்டாலிக்குக்கு உள்வெள்ளை குறைவு, ஆகவே நடுவெள்ளையும் குறைவாகத்தான் இருக்கும். கெர்னிங், அதாவது குறிப்பிட்ட இரண்டு எழுத்து சேரும் இடத்தில் மட்டும் செய்யும் இடைவெளித் திருத்தம், எல்லாம் அப்புறம். இடைவெளி சரியில்லாத எழுத்துருவை கெர்னிங் காப்பாற்றாது.

பெரிய எழுத்துகளில் வேலை கொஞ்சம் குறைவு, நேர் போல்டிலிருந்து சாய்த்து எடுத்து மேலே சொன்ன மூலைத் திருத்தங்களைச் செய்தால் பெரும்பாலும் வந்துவிடும். எஸ் மட்டும் யாரையும் அழவைக்கும், அதைத் தனியாக வரையுங்கள்.

கோப்பை வெளியே எடுக்கும்போது பெயரிடுவதில் கவனம். நான்கு கோப்புக்கும் குடும்பப் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும், நான்காவதில் போல்ட், இட்டாலிக் இரண்டு அடையாளத்தையும் சேர்த்து இயக்கி வைக்க வேண்டும். அப்போதுதான் வேர்டில் யாராவது பொத்தானை அமுக்கினால் நீங்கள் வரைந்தது வரும். அடுத்து, எந்தக் காகிதத்தில் வரப்போகிறதோ அதே காகிதத்தில், அதே அளவில் ஒரு தாள் அடித்துப் பாருங்கள்.

தனியாகச் செய்து சலித்தால் மும்பையில் ஆதரவுக்குக் குறைவில்லை. சிஎஸ்எம்டி ரயில் நிலையம் பக்கத்தில் ஜேஜே அப்ளைட் ஆர்ட் கல்லூரி, பவாயில் ஐஐடியின் ஐடிசி டிசைன் பள்ளி இரண்டிலும் எழுத்து வடிவத்தைப் பாடமாகவே கற்றுத் தருகிறார்கள். முக்த மலர், பலூ தம்பி, அனேக் தமிழ் எழுத்துருக்களைத் தந்த ஏக் டைப் குழுவினர் இந்த ஊர்க்காரர்கள்தான், அவற்றின் மூலக் கோப்புகளைக் கிட்ஹப் தளத்தில் திறந்து வைத்திருக்கிறார்கள். தமிழ் எழுத்தைத் தடிக்கும்போது சுழிகளின் வெள்ளையை எப்படிக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்று அதில் பார்க்கலாம். ஆங்கிலத்துக்கு சோர்ஸ் செரிஃப்பின் மூலக் கோப்பை இறக்கி, இட்டாலிக்கின் மிகத் தடித்த வரைவில் என் (n) எழுத்தைத் திறந்து, வளைவு பிரியும் அந்த மூலையில் புள்ளிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று நீங்கள் வரைந்த என் (n) எழுத்தோடு வைத்து ஒப்பிடுங்கள்.